கேபிளை நிறுத்தும் முன் ஆன்டெனாவுக்கு இடம் பாருங்கள்

கேபிளை நிறுத்திவிட்டு ஆன்டெனா வாங்கியவர்களில் நிறையப் பேர் சில மாதங்களில் மறுபடி கேபிளுக்கே திரும்பிவிடுகிறார்கள். கேட்டால் "எங்க வீட்டுக்கு சிக்னல் வராது" என்பார்கள். போய்ப் பார்த்தால் ஆன்டெனா டிவிக்குப் பின்னால், சுவருக்கும் இரும்பு அலமாரிக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருக்கும். கூடவே வந்த மெல்லிய வயர் சுருட்டியது சுருட்டியபடியே கிடக்கும். சிக்னல் கூரைவரை வந்துகொண்டுதான் இருக்கிறது, ஆன்டெனாதான் அது எட்டாத இடத்தில் இருக்கிறது. இந்த விஷயத்தில் வாங்குகிற பொருளைவிட வைக்கிற இடம் பெரிது. அதனால் இந்தப் பதிவில் முக்கால்வாசி ஆன்டெனாவைப் பற்றித்தான். டிஷ், இணையம் இரண்டும் பின்னால் வருகின்றன.

முதல் வேலைக்குக் காசு தேவையில்லை. ஒரு வாரம், வீட்டில் யார் எந்த சேனலைப் பார்க்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். கேபிளில் முந்நூறு சேனல் வந்தாலும் அந்தத் தாளில் பத்துப் பதினைந்துக்கு மேல் ஏறாது. அந்தப் பத்தில் எவை வான்வழியாக இலவசமாக வருகின்றன, எவை இலவச டிஷ்ஷில் வருகின்றன, எவை இணையத்தில் மட்டும் கிடைக்கும் என்று பிரித்துவிட்டால் என்ன வாங்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள்.

அடுத்து, நீங்கள் இருக்கும் நாட்டில் வான்வழி ஒளிபரப்பு எந்த முறையில் நடக்கிறது என்று பாருங்கள். அமெரிக்கா, கனடா, தென்கொரியா ஆகிய நாடுகளில் ஏடிஎஸ்சி முறை. அமெரிக்காவில் பெரிய நிலையங்கள் 2009 ஜூன் 12-இல் அனலாக்கை முழுதாக நிறுத்தின. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் டிவிபி-டி2. இரண்டு நாடுகளிலும் 2019-இல் அனலாக் முடிந்தது. பிரிட்டனில் சாதாரண சேனல்கள் டிவிபி-டி முறையிலும் எச்டி சேனல்கள் டிவிபி-டி2 முறையிலும் வருகின்றன. ஆஸ்திரேலியா டிவிபி-டி. இந்தியாவில் பழைய அனலாக் கோபுரங்கள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. அங்கே இலவசமாகப் பார்க்க டிஷ்தான் நடைமுறை வழி. ஆகவே அங்கே இருப்பவர்கள் டிஷ் பகுதிக்கே போய்விடலாம், வயர் பற்றிச் சொல்வதை மட்டும் படித்துவிட்டு.

ஆன்டெனாவுக்கு இந்த முறைகள் எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்தது அலைவரிசை மட்டுமே. முறையைப் புரிந்துகொள்வது டிவிக்குள் இருக்கும் டியூனரின் வேலை. இருபது வருடப் பழைய கூரை ஆன்டெனா துருப்பிடிக்காமல் இருந்தால் இன்றைக்கும் டிஜிட்டல் சிக்னலை நன்றாகவே பிடிக்கும். "டிஜிட்டல் ஆன்டெனா", "4கே ஆன்டெனா" என்று பெட்டியில் போட்டிருப்பதெல்லாம் விற்பனைக்காக. ஆனால் டியூனர் பொருந்தியே ஆக வேண்டும். டிவிபி-டி மட்டும் உள்ள பழைய டிவி, டிவிபி-டி2 சேனலைக் காட்டாது. தனியாக ஒரு சிறு செட்டாப் பாக்ஸ் வாங்கி எச்டிஎம்ஐயில் செருக வேண்டும்.

கோபுரம் எங்கே இருக்கிறது

ஒவ்வொரு நாட்டிலும் ஒளிபரப்புக் கோபுரங்களின் இடம், உயரம், சக்தி, அலைவரிசை எல்லாம் பொதுவில் வெளியிடப்படுகின்றன. முகவரியைக் கொடுத்தால் எந்தத் திசையில் எத்தனை கிலோமீட்டரில் கோபுரம் என்று காட்டும் வரைபடங்களும் உண்டு. அதிலிருந்து நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: திசை, தூரம், உண்மையான அலைவரிசை, அலை கிடைமட்டமா செங்குத்தா என்பது. மூன்றாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டிவியில் காட்டும் சேனல் எண் வேறு, காற்றில் வரும் அலைவரிசை வேறு. திரையில் 7.1 என்று காட்டும் நிலையம் உண்மையில் யுஎச்எஃப்பில் (மேல் அலைவரிசைகள்) ஒளிபரப்பாகலாம். எண்ணை நம்பி விஎச்எஃப் (கீழ் அலைவரிசைகள்) ஆன்டெனா வாங்கினால் ஒன்றும் கிடைக்காது.

தூரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலம் காணுங்கள். உங்கள் ஆன்டெனாவின் உயரத்துக்கும் அப்படியே. இரண்டையும் கூட்டி 4.12 ஆல் பெருக்கினால், சமதரையில் அலை நேராக எட்டும் தூரம் கிலோமீட்டரில் வரும். கோபுரம் 300 மீட்டர், ஆன்டெனா 9 மீட்டர் என்றால் 17.3 கூட்டல் 3, அதாவது 20.3. அதை 4.12 ஆல் பெருக்கினால் சுமார் 84 கிலோமீட்டர். பூமி வளைந்திருப்பதால் வரும் எல்லை இது. பெட்டியில் "300 கி.மீ. வரை" என்று எழுதியிருந்தால், அந்தத் தட்டையான ஆன்டெனா பூமியின் வளைவைத் தாண்டி எட்டிப் பார்க்கும் என்று சொல்கிறார்கள். அது நடக்காது.

அலைநீளத்துக்கும் இப்படித்தான். 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 600 மெகாஹெர்ட்ஸ் யுஎச்எஃப் அலை அரை மீட்டர் நீளம், 195 மெகாஹெர்ட்ஸ் விஎச்எஃப் அலை ஒன்றரை மீட்டர். அதனால்தான் யுஎச்எஃப் ஆன்டெனாவின் கைகள் ஒரு சாண் போலச் சின்னதாகவும், விஎச்எஃப் ஆன்டெனாவின் கைகள் முக்கால் மீட்டர் அகலமாகவும் இருக்கின்றன. ஜன்னலில் ஒட்டும் தகடு ஆன்டெனாக்கள் விஎச்எஃப் சேனல்களைத் தவறவிடுவதற்குக் காரணமும் இதுதான். அவ்வளவு நீளம் அதற்குள் இல்லை.

எங்கே வைப்பது

உச்சியில், வெளியே, கோபுரத்தை நோக்கி, நடுவில் எதுவும் மறைக்காமல். அது முடியாதபோது ஒவ்வொரு படியாக இறங்கி வாருங்கள்: கூரைக்கு அடியில் உள்ள பரண், மேல்மாடி ஜன்னல், கோபுரம் இருக்கும் பக்கமாக உள்ள அறை. ஒவ்வொரு படியிலும் எவ்வளவு இழக்கிறோம் என்று தெரிந்திருப்பது நல்லது. வீட்டுக்குள் வருவதற்குள் 10 டெசிபல் போவது சாதாரணம். 10 டெசிபல் என்றால் பத்தில் ஒரு பங்கு மிச்சம். கான்கிரீட் சுவரில் இன்னும் அதிகம் போகும். தகரக் கூரை, அலுமினியத் தாள் ஒட்டிய வெப்பத் தடுப்பு, உலோகப் பூச்சு பூசிய ஜன்னல் கண்ணாடி ஆகிய மூன்றும் சிக்னலைக் கிட்டத்தட்ட அடைத்தேவிடும். அப்படிப்பட்ட கண்ணாடியில் ஆன்டெனாவை ஒட்டிவைத்துவிட்டு பூஸ்டரை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

உள்ளே வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் இடம் தேடுவதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். பத்து மீட்டர் வயர் ஒன்று இருந்தால் போதும். டிவியின் அமைப்புகளில் சிக்னல் மானியைத் திறந்து, கிடைப்பதிலேயே பலவீனமான சேனலில் நிறுத்துங்கள். ஆன்டெனாவை ஒரு கை நீளத்துக்கு நகர்த்தி, கையை எடுத்துவிட்டு, ஐந்து விநாடி காத்திருந்து படியுங்கள். மானி உடனே அசையாது. பொறுமையில்லாமல் ஆட்டிக்கொண்டே இருந்தால் முந்தைய இடத்தின் அளவையே படித்துக்கொண்டிருப்பீர்கள். அறைக்குள் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி ஒன்றோடொன்று மோதுவதால், யுஎச்எஃப்பில் கால் மீட்டர் நகர்த்தினாலே இல்லாதது வரும், வந்தது போகும். சுவரில் உயரே, டிவியிலிருந்தும் ரவுட்டரிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி, கடைசியில் ஓர் இடம் கிடைக்கும். அங்கே பென்சிலால் குறி வைத்துவிடுங்கள்.

வெளியே கம்பம் நடும்போது மின்கம்பியை மறக்கவே கூடாது. கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம் வேண்டும். கம்பத்தின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி இருப்பது பாதுகாப்பு. இதற்கு இடமில்லையென்றால் அந்த இடமே வேண்டாம். கம்பத்தைத் தடித்த செம்புக் கம்பியால் வீட்டு எர்த்துடன் இணையுங்கள். வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு எர்த் பிளாக் (வயரின் வெளி வலையை எர்த்தோடு இணைக்கும் சிறு உலோகத் துண்டு) போட்டு அதையும் அதே எர்த்தில் சேருங்கள். இது காற்றில் சேரும் நிலைமின்சாரத்தை வடியவிடும், தூரத்து இடியின் தாக்கத்தையும் குறைக்கும். நேரடி இடியை எதுவும் தாங்காது. இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவைப்பதுதான் வழி.

கையாலேயே ஒன்று செய்து பார்க்க

கோபுரம் 20, 25 கிலோமீட்டருக்குள் இருந்து, எல்லாச் சேனலும் யுஎச்எஃப்பில், பக்கத்துப் பக்கத்து அலைவரிசைகளில் இருந்தால், காசு கொடுத்து வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள். அரை அலை இருமுனை ஆன்டெனாவின் மொத்த நீளம் செ.மீ.யில்: 14,250ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்க வேண்டும். 514 மெகாஹெர்ட்ஸுக்கு 27.7 செ.மீ. வரும். தடித்த செம்புக் கம்பியிலோ மெல்லிய அலுமினியக் குழாயிலோ தலா 13.4 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டு. மின்கடத்தாத பிளாஸ்டிக் பட்டையில் இரண்டையும் ஒரே நேர்கோட்டில் வைத்து, நடுவே 1 செ.மீ. இடைவெளி விட்டுத் திருகுங்கள். ஆர்ஜி-6 (டிவிக்குப் போடும் தடித்த வட்ட வயர்) வயரின் நடுக் கம்பியை ஒரு துண்டிலும், சுற்றியுள்ள வலையை மற்றத் துண்டிலும் இணைக்க வேண்டும். இந்த ஆன்டெனாவின் மின்தடுப்பு சுமார் 73 ஓம், வயர் 75 ஓம் என்பதால் இடையில் பொருத்துக் கருவி எதுவும் தேவையில்லை. கைகளை மடித்து வளையமாகச் செய்யும் வகைக்கு மட்டும்தான் 300 ஓமை 75 ஆக்கும் பேலன் வேண்டும். வயரைக் கைகளுக்குச் செங்கோணமாக, அரை மீட்டராவது நேராக எடுத்துச் செல்லுங்கள். கையை ஒட்டியே ஓடவிட்டால் வயரும் ஆன்டெனாவாகிக் குழப்பும்.

பின்னால் ஒரு இரும்பு வலை வைத்தால் இன்னும் பலம் கூடும், பின்பக்கத்து இடைஞ்சலும் குறையும். தூரம் கால் அலை, 7,500ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தது, இங்கே 14.6 செ.மீ. ஒரு அங்குலக் கண்ணி போதும், அதைவிடப் பொடியாக வேண்டியதில்லை. அகலமும் உயரமும் அரை மீட்டர் இருக்கட்டும். கைகள் வலையைத் தொடக்கூடாது. கோபுரத்தின் அலை கிடைமட்டம் என்றால் ஆன்டெனாவும் கிடைமட்டம், செங்குத்து என்றால் செங்குத்து. இதை மாற்றி வைத்தால் பெரும்பகுதி சிக்னல் போய்விடும்.

வயரும் கனெக்டரும்

ஆன்டெனா நன்றாக இருந்து படம் வராத வீடுகளில் குற்றவாளி பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. 600 மெகாஹெர்ட்ஸில் நல்ல ஆர்ஜி-6 வயர் 30 மீட்டருக்குச் சுமார் 5 டெசிபல் விழுங்கும். ஆர்ஜி-59 அதைவிடக் கூடுதலாக விழுங்கும். மலிவு ஆன்டெனாக்களோடு ஒட்டியே வரும் மெல்லிய வயர் இரண்டையும்விட மோசம். மொத்த ஓட்டத்தையும் ஒரே துண்டாகப் போடுங்கள், நடுவில் ஒட்டு வேண்டாம்.

வயரின் நுனியில் வரும், டிவியில் திருகி மாட்டும் எஃப் கனெக்டரைப் போடுவதை நிதானமாகப் பார்ப்போம். வயரின் நுனியில் 12 மி.மீ. தூரத்துக்கு வெளி உறையை நீக்குங்கள், வலை அறுபடாமல். வலையின் இழைகளை எல்லாம் பின்னுக்கு மடித்து உறைமேல் படியவிடுங்கள். உள்ளே வெள்ளை நுரைமேல் ஒட்டியிருக்கும் அலுமினியத் தாளைக் கிழிக்காதீர்கள், அது அங்கேயே இருக்க வேண்டும். இப்போது நுனியில் 6 மி.மீ.க்கு மட்டும் தாளையும் நுரையையும் வெட்டி நீக்கினால் நடுக் கம்பி தெரியும். அதில் கத்திக் கீறல் விழுந்தால் பின்னால் ஒடிந்துவிடும். கனெக்டரை அழுத்தித் திருகித் தள்ளுங்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் வெள்ளை நுரை கனெக்டரின் அடித்தளத்தோடு சமமாக வந்து நிற்க வேண்டும், நடுக் கம்பி விளிம்பைத் தாண்டி ஒன்றிரண்டு மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு அழுத்துக் கருவியால் இறுக்குங்கள். வலையின் ஒரே ஒரு இழை, முடி போல, நடுக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், மொத்தமும் ஷார்ட். வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். கையால் திருகி மாட்டும் வகை கனெக்டர்கள் நாளடைவில் தளர்ந்துவிடும். வெளியில் அவற்றைப் போடாதீர்கள்.

வெளியே இருக்கும் ஒவ்வோர் இணைப்பிலும் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். ஓடு வேய்ந்தது போல மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் படிந்தால் தண்ணீர் இறங்காது. வீட்டுக்குள் நுழையும் முன் வயரை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டால் மழைநீர் அந்த இடத்திலேயே சொட்டிவிடும். ஒருமுறை தண்ணீர் புகுந்த வயர் காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. வெட்டிப் பார்த்து வலை கறுத்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பூஸ்டர் எப்போது, எங்கே

பூஸ்டர் இல்லாத சிக்னலை உண்டாக்காது. ஆன்டெனாவுக்கு வந்த சிக்னல் வயரிலும் ஸ்ப்ளிட்டரிலும் கரைவதைத்தான் அது ஈடுகட்டும். இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒவ்வொரு முனைக்கும் சுமார் 3.5 டெசிபல் குறைக்கும், நான்காகப் பிரிப்பது 7. முப்பது மீட்டர் வயரும் நான்கு டிவியும் என்றால் மொத்தம் 12 டெசிபல் போய்விடும். அந்த இடத்தில் பூஸ்டர் நியாயம். அது கம்பத்திலேயே, ஆன்டெனாவுக்குக் கீழே ஒரு மீட்டருக்குள் இருக்க வேண்டும். டிவிக்குப் பக்கத்தில் வைத்தால், ஏற்கெனவே வலுவிழந்து இரைச்சலோடு கலந்த சிக்னலை இரைச்சலோடு சேர்த்தே பெருக்கும், படத்தில் மாற்றம் இருக்காது. இரைச்சல் அளவு 2 டெசிபலுக்குப் பக்கத்தில், பெருக்கம் 15 முதல் 20 டெசிபல் உள்ளதாகப் பாருங்கள்.

கம்பத்துப் பூஸ்டருக்கு மின்சாரம் அதே வயர் வழியாகத்தான் போகும். வீட்டுக்குள்ளே ஒரு பவர் இன்செர்ட்டர் (வயருக்குள் மின்சாரம் செலுத்தும் சிறு பெட்டி) இருக்கும், அதில் இரண்டு முனை. எது ஆன்டெனா பக்கம், எது டிவி பக்கம் என்பதை மாற்றிச் செருகினால் ஒன்றும் வராது. இன்செர்ட்டருக்கும் பூஸ்டருக்கும் நடுவே ஸ்ப்ளிட்டர் இருந்தால் அது மின்சாரத்தைத் தடுத்துவிடும். ஸ்ப்ளிட்டர் மின்சாரத்தைக் (டிசி) கடத்தும் முனை உள்ளதாக இருந்து, அந்த முனையிலேயே இன்செர்ட்டர் இருந்தால் மட்டும் ஓடும். மின்சாரம் கிடைக்காத பூஸ்டர் வெறும் வயராக நடந்துகொள்ளாது, சிக்னலை அடைத்துவிடும். "பூஸ்டர் போட்டதும் இருந்ததும் போயிற்று" என்றால் முதலில் இதைச் சோதியுங்கள்.

கோபுரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நிலைமை நேர்மாறு. சிக்னல் அளவுக்கு மீறினால் டியூனர் திணறி, படம் பலவீனச் சிக்னலில் உடைவது போலவே கட்டம் கட்டமாக உடையும். சோதிக்க ஒரு எளிய வழி: 10 டெசிபல் குறைப்பான் ஒன்றை நடுவில் செருகுங்கள். படம் நன்றானால் உங்களுக்குச் சிக்னல் கூடுதல், பூஸ்டரைக் கழற்றிவிடலாம். அதேபோல, முன்பு டிவி பயன்படுத்திய மேல் அலைவரிசைகள் இப்போது கைபேசிச் சேவைக்குப் போய்விட்டன. அமெரிக்காவில் டிவி 608 மெகாஹெர்ட்ஸோடு முடிகிறது, ஐரோப்பாவில் 694. பக்கத்தில் கைபேசிக் கோபுரம் இருந்தால் அந்த எல்லைக்குமேல் வெட்டும் ஃபில்டரைப் பூஸ்டருக்கு முன்னால் போடுங்கள். பின்னால் போட்டால் பூஸ்டர் ஏற்கெனவே திணறி முடித்திருக்கும்.

ஸ்கேனும் மானியும்

ஆன்டெனாவை நகர்த்திய பின் சேனல்களை மறுபடி தேடச் சொல்ல வேண்டும். டிவி தானாகக் கண்டுபிடிக்காது. நிலையங்கள் அலைவரிசை மாற்றினாலும் இப்படித்தான், ஒருநாள் திடீரென்று சேனல் காணாமல் போகும், மறுபடி ஸ்கேன் செய்தால் வந்துவிடும். பழைய பட்டியல் குழப்பினால் ஆன்டெனா வயரைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள், பட்டியல் காலியாகும். பிறகு மாட்டி மறுபடி ஸ்கேன்.

மானியில் வலிமை, தரம் என இரண்டு கோடுகள் இருந்தால் தரத்தைப் பாருங்கள். இரண்டும் தாழ்ந்தால் சிக்னலே பலவீனம்: உயரம், இடம், வயர். வலிமை ஏறி தரம் மட்டும் தாழ்ந்தால் பிரதிபலிப்பு, இடைஞ்சல், அல்லது அளவுக்கு மீறிய சிக்னல். அப்போது பூஸ்டர் நிலைமையைக் கெடுக்கத்தான் செய்யும். ஆன்டெனாவைப் பத்து டிகிரி திருப்புவதோ அரை மீட்டர் இறக்குவதோ பலன் தரும். ஏடிஎஸ்சியின் முதல் தலைமுறை பிரதிபலிப்புக்கு அதிகம் கலங்கும், டிவிபி வகைகள் அதை நன்றாகவே சமாளிக்கும். அதனால் அமெரிக்கா, கனடாவில் உயரமான கட்டடங்களுக்கு நடுவே இருப்பவர்களுக்குக் குறுகிய பார்வையுள்ள யாகி ஆன்டெனா (ஒரு தண்டில் வரிசையாகக் கம்பிகள் உள்ளது) உதவும்.

டிஜிட்டலில் படம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், ஒரு எல்லைக்குக் கீழே போனதும் சட்டென்று நின்றுவிடும். அதனால் இன்று படம் தெளிவு என்பதால் நிம்மதியாகிவிடாதீர்கள், எல்லையிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. மரங்கள் இலைவிட்டு நனைந்தால் குறையும். விடியற்காலையில் வெப்ப அடுக்குகளில் அலை வளைந்து, தூரத்துக் கோபுரத்தின் சிக்னல் வந்து மோதும். ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது, மலிவு எல்இடி விளக்கைப் போடும்போது விஎச்எஃப் சேனல் மட்டும் உடைந்தால் இடைஞ்சல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் அகப்பட்டுவிடும். ஸ்ப்ளிட்டரில் பயன்படாத முனைகளில் 75 ஓம் மூடி போடுங்கள், திறந்து விடாதீர்கள்.

இலவச டிஷ்

வான்வழி இல்லாத இடத்தில் அடுத்தது இலவசச் செயற்கைக்கோள் ஒளிபரப்பு. இந்தியாவில் 2004 டிசம்பரில் தொடங்கிய தூர்தர்ஷனின் இலவச டிஷ், ஜிசாட்-15 செயற்கைக்கோளில், கிழக்கு 93.5 டிகிரியில் இருக்கிறது. பிரிட்டனின் ஃப்ரீசாட் கிழக்கு 28.2 டிகிரியில். மாதக் கட்டணம் கிடையாது, டிஷ், எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலைப் பிடிக்கும் சிறு கருவி), பெட்டி, வயர் ஆகியவற்றுக்கு ஒருமுறை செலவு. உங்கள் தாளில் இருக்கும் சேனல்கள் அதில் இருக்கின்றனவா என்பதை மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். கட்டணச் சேனல்கள் வராது.

60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை சுமார் 3 டிகிரிதான். அதனால் எல்லாம் கம்பம் நேராக நிற்பதில் தொடங்குகிறது. மட்டப்பலகையை இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் உயர அளவு பொய் சொல்லும். உங்கள் ஊருக்கான திசை, உயரக் கோணம், எல்என்பியின் சாய்வு ஆகிய மூன்றையும் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, உயரக் கோணத்தை டிஷ்ஷின் பின்புற அளவுகோலில் வையுங்கள். டிஷ் பார்ப்பதற்கு வானத்தைவிட அடிவானத்தை நோக்கி நிற்பது போல் தெரியும். எல்என்பி கீழிருந்து பார்க்கும் வகை என்பதால் இருபது டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கும், கவலை வேண்டாம். திசைகாட்டியை டிஷ்ஷிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று பாருங்கள், பக்கத்தில் வைத்தால் இரும்பு முள்ளை இழுத்துவிடும்.

பெட்டியில் எல்என்பி அமைப்பு சரியாக இருக்க வேண்டும். யுனிவர்சல் வகைக்கு 9750, 10600 மெகாஹெர்ட்ஸ். இது தவறென்றால் டிஷ் சரியாக நின்றாலும் ஒன்றும் வராது. பிறகு டிஷ்ஷை ஒரு டிகிரி நகர்த்தி, நிறுத்தி, மூன்று விநாடி காத்திருந்து, மறுபடி ஒரு டிகிரி. சிக்னல் கிடைத்ததும் இரண்டு பக்கமும் அது விழும் இடத்தைக் குறித்து நடுவில் நிறுத்துங்கள். உயரத்துக்கும் அப்படியே. கடைசியில் எல்என்பியை மெல்லத் திருப்பித் தரத்தை உச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். நட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும், ஒன்றை மட்டும் இறுக்கினால் டிஷ் நகர்ந்துவிடும். பாதிச் சேனல்கள் மட்டும் வந்தால் பெட்டி அனுப்பும் 13, 18 வோல்ட்டில் ஒன்று எல்என்பிக்கு எட்டவில்லை. பெரும்பாலும் கனெக்டர்தான் காரணம். கனமழையில் சில நிமிடம் படம் போவது இயல்பு. சின்னத் தூறலுக்கே போனால் டிஷ்ஷை இன்னும் சரியாகத் திருப்ப வேண்டியிருக்கிறது.

இணையம், பதிவு

இணைய இணைப்பு ஏற்கெனவே இருந்தால், விளம்பரத்தோடு இலவசமாக வரும் சேனல்களும் ஒளிபரப்பாளர்களின் சொந்தச் செயலிகளும் மீதியை நிரப்பும். எச்டி ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 3 ஜிபி, சாதாரணத் தரம் 1 ஜிபி. மாத அளவுக்கு உச்சவரம்பு இருந்தால் தினம் நான்கு மணி நேரம் எச்டி 360 ஜிபி என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரலை விளையாட்டு இணையத்தில் அரை நிமிடம் வரை பிந்தும், ஆன்டெனாவில் அந்தத் தாமதம் இல்லை. கட்டணச் செயலிகளை ஒரே நேரத்தில் நான்கைந்து வைத்திருந்தால் கேபிளைத் தாண்டிவிடும். ஒன்றை எடுத்து, பார்த்து முடித்து, நிறுத்திவிட்டு அடுத்ததை எடுப்பது நல்லது.

ஆன்டெனா நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய, பல டிவிகளில் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் செருகினாலே போதும். டிவி அதைத் தன் முறைக்கு அழித்து எழுதும், வேறு டிவியிலோ கணினியிலோ அந்தப் பதிவு திறக்காது. ஆகவே புகைப்படங்கள் உள்ள டிஸ்க்கைச் செருகாதீர்கள். ஏடிஎஸ்சி முதல் தலைமுறையில் ஒரு அலைவரிசை முழுவதும் 19.39 மெகாபிட். முழுதும் ஒரே எச்டி நிகழ்ச்சிக்குப் போனால் மணிக்கு 8.7 ஜிபி.

இரண்டு வாரம் கேபிளையும் ஆன்டெனாவையும் சேர்த்தே ஓடவிடுங்கள், மழை நாள் ஒன்றாவது நடுவில் வரட்டும். பிறகு நிறுத்தும்போது கேபிள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். சுவருக்குள் ஓடும் கேபிள் வயரை ஆன்டெனாவுக்கே பயன்படுத்தலாம். ஆனால் வெளியிலிருந்து வரும் கேபிள் நிறுவன இணைப்பை முதலில் கழற்றி, முனையை மூடிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்தால் அவர்கள் சிக்னல் உங்கள் சேனல்களைக் கெடுக்கும், உங்கள் ஆன்டெனா வழியாக அது வெளியேயும் கசியும். சுவர்ப் பெட்டிக்குள் அவர்கள் போட்ட பழைய ஸ்ப்ளிட்டர் இருக்கும். நீங்கள் டிவி வைக்காத அறைகளுக்கும் அது சிக்னலைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கும். எடுத்துவிட்டு நேராக இணையுங்கள்.